சபாவில் குறத்தி, ஸ்டேஷனில் குறவன்

முதலில் ஒரு வாக்குமூலம். நானும் விசிலடித்தவன்தான்.

எங்கள் ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஆடி மாசம் சேரி மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தி முடிஞ்ச ராத்திரி கரகாட்டம் நடக்கும். கரகம் தலையை விட்டு இறங்கினதும் குறவன் குறத்தி ஆட்டம். அதுக்குத்தான் கூட்டமே காத்துக் கிடக்கும். குறவன் வேஷக்காரன் குறத்தி வேஷக்காரியை இடுப்பில் கிள்ளுவான். அவள் ஒரு பேச்சுப் பேசுவாள், அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கும். கிழவன் முதல் பொடியன் வரை சிரிப்போம். ஆடினவர்கள் குறவர்கள் இல்லை. எங்களைப் போல வயித்துக்கு வழியில்லாமல் ஆட வந்தவர்கள். குறவர் குடும்பம் ஒண்ணு ஊர்க்கோடியில், எங்கள் சேரிக்கும் அப்பால், கூடை முடைந்துகொண்டு இருந்தது. அந்த வீட்டுப் பையன் என்னோடு அஞ்சாவது படித்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனைச் சுத்தி நின்னு முந்தின ராத்திரி கேட்ட பாட்டை நாங்கள் பாடினோம். பாடினது ஊர்ப் பையன்கள் மட்டுமில்லை. சேரிப் பையன்களும்தான். அவன் ஆறாவதுக்கு வரவில்லை.

இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

பிறகு எம்.ஏ. தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்தேன். மார்கழி சீசனில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபாவின் கேண்டீனில் இலை எடுக்கிற வேலை கிடைத்தது. கூலியும் ராத்திரிச் சாப்பாடும். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரம், அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவுச் சந்தில் நின்று பார்த்தேன். ஒரு பெண் தனியாகக் குறத்தி ஆடினாள். பட்டில் தைத்த குட்டைச் சேலை. இடுப்பில் ஜரிகை ஒட்டின கூடை. கழுத்து நிறையப் பாசிமணி. மோவாயில் பச்சை குத்தினது போல மையால் மூணு புள்ளி. கோலை ஊன்றிக் குலுக்கி நடந்து வந்தாள், கைரேகை பார்த்தாள், கண்ணை உருட்டினாள், கன்னத்தில் கை வைத்து ஆச்சரியப்பட்டாள். அரங்கம் கைதட்டியது. வெளியே காபி குடிக்க வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “வர்ணத்துக்கப்புறம் இப்படி ஒரு ஃபோக் ஐட்டம் இருந்தா நன்னா லைட்டா இருக்கு.”

எங்கள் ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்ததும் இங்கே சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்ததும் எனக்கு ஒண்ணாகத்தான் பட்டது. ரெண்டு இடத்திலும் குறவர் சாதியின் பெயர் ஒரு வேஷத்துக்குப் பெயராக இருந்தது. ரெண்டு இடத்திலும் குறவர் யாரும் இல்லை. அங்கே ஆபாசம், இங்கே அழகு. அங்கே சில்லறைக் காசு, இங்கே பொன்னாடை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். குறவன் குறத்தி ஆட்டம் எங்களை இழிவு செய்கிறது என்று குறவர் அமைப்புகள் பல வருஷம் போராடின. மனு கொடுத்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் காதில் வாங்கியது. அதே வருஷம் மார்ச்சில் தமிழக அரசு ஆணை போட்டது. கரகாட்டத்திலும் மற்ற நிகழ்ச்சிகளிலும் குறவன் குறத்தி ஆட்டம் கூடாது என்றது. நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்தும் அந்தப் பெயரை எடுத்தது. நல்லது. கேட்டவர்கள் குறவர்கள். கேட்கிற உரிமை அவர்களுடையது. இந்தத் தடையை நான் முழுசாக ஆதரிக்கிறேன்.

என் கேள்வி வேறு. அந்த ஆணை மாரியம்மன் திடலில் நிற்கிறது. மயிலாப்பூர் வரை, தி.நகர் வரை, அடையாறு வரை ஏன் வரவில்லை? தெருவில் ஆடினால் சாதி இழிவு, சபாவில் ஆடினால் பாரம்பரியமா?

உடனே பதில் வரும். “அது ஆபாசம், இது இலக்கியம். குற்றாலக் குறவஞ்சி எங்கே, ரெக்கார்டு டான்ஸ் எங்கே?” சரி, இலக்கியத்தையே பேசுவோம். எம்.ஏ. பாடத்தில் நானும் குறவஞ்சி படித்தேன். திரிகூடராசப்பக் கவிராயரின் சந்தத்தை வியக்கச் சொன்னார்கள், வியந்தேன். இன்றைக்கும் வியக்கிறேன், அது வேறு விஷயம். ஆனால் குறவஞ்சிகளின் கதை என்ன? உலா வந்த தலைவனைப் பார்த்து உயர்குலத்துத் தலைவி காதலில் வாடுகிறாள். குறத்தி வருகிறாள். தன் மலையைப் பாடுகிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள், பரிசாக நகை வாங்குகிறாள். அவள் புருஷன் சிங்கன் தேடி வருகிறான். இந்த நகை எப்படி வந்தது என்று சந்தேகப்படுகிறான். அவ்வளவுதான். தலைவிக்குக் காதல், குறத்திக்குக் கூலி. தலைவி வாடினால் அது சிருங்காரம். சிங்கனும் சிங்கியும் பேசினால் அது வேடிக்கை. குறத்தி எல்லோர் கையையும் பார்க்கிறாள், அவள் கையை ஒருத்தரும் பார்ப்பதில்லை. குறவர் மேல் நகையைக் கண்டால் “எங்கேருந்துடா வந்துச்சு?” என்கிற கேள்வியைப் பிற்காலத்தில் போலீஸ்காரன் கேட்டான். அவனுக்கு ரொம்ப முன்னாடியே நம் இலக்கியம் அதைக் கேட்டு வைத்திருக்கிறது. வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. சங்கப் புலவர் வரிசையில் குறமகள் இளவெயினி இருக்கிறாள், குறமகள் குறியெயினி இருக்கிறாள். புறநானூற்றிலும் நற்றிணையிலும் அவர்கள் பாட்டு இருக்கிறது. குறவர் பெண் கவிஞராகவே இந்த மொழிக்குள் நுழைந்தவள். அவளை வேஷமாக்கினது பின்னால் வந்தவர்கள். சரபோஜி மன்னர் பெயரில் குறவஞ்சி எழுதி, தஞ்சைப் பெரிய கோயிலில் தேவதாசிகளை ஆடவைத்தார்கள். பாடினது புலவர், பரிசு கொடுத்தது அரசர், ஆடினது தேவதாசி. குறத்தி எங்கே? பாட்டில் மட்டும்தான்.

பிறகு அடையாறு வருகிறது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்குகிறார். தேவதாசிகளிடமும் நட்டுவனார்களிடமும் இருந்த சதிர் ‘பரதநாட்டியம்’ ஆகி, ‘நல்ல குடும்பத்துப்’ பெண்கள் ஆடலாம் என்று ஆன காலம் அது. 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார்கள். அதற்குத் துணை நின்ற காரைக்கால் சாரதாம்பாள் இசை வேளாளர் மரபில் வந்த பெண்மணி. கொண்டாடப்பட்ட தயாரிப்பு அது. குறத்தி சபாவுக்குள் காலூன்றினாள். அங்கிருந்து அரங்கேற்றம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, மாறுவேடப் போட்டி என்று தனிக் குறத்திகள் கிளம்பிவிட்டார்கள்.

1944 என்ற வருஷத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் தோழர்களே. அந்த வருஷம் இதே சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் அமலில் இருந்தது. வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த சட்டம், 1911இல் திருத்தி இந்த மாகாணத்துக்கும் நீட்டினது. குறவர் பிரிவுகள் பல அந்தப் பட்டியலில் இருந்தன. பிறந்தாலே குற்றவாளி. பத்து விரல் ரேகை கொடுக்கணும், ஆஜர் சொல்லணும், இடம் மாறினால் தெரிவிக்கணும். பலரைக் குடியேற்ற முகாம்களில் அடைத்து வைத்தார்கள். இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான். ஆக, அடையாறில் ஆலமரத்துக்குப் பக்கத்தில் மேடைக் குறத்தி ஊர் ஊராகச் சுற்றிய கதையை அபிநயம் பிடித்த அந்த நாளில், பட்டியலில் இருந்த நிஜக் குறத்தி ஊர் விட்டு ஊர் போனால் போலீசுக்குப் பதில் சொல்லணும். மேடையில் இருந்தவளின் நாடோடி வாழ்க்கை ரசிக்கத் தகுந்தது. வெளியே இருந்தவளுக்கு அதே வாழ்க்கை தண்டிக்கத் தகுந்தது. ரசிகர்களுக்கு இது தெரியாமலா இருந்தது? அந்தச் சட்டத்தை நடத்தின சர்க்கார் உத்தியோகத்தில் யார் வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற அயோக்கியத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தோழர் ஜப்பானிய கபுகி நடனம் ஒன்றின் காணொளியைக் காட்டினார். ‘எச்சிகோ ஜிஷி’ என்று பெயர். எச்சிகோ நாட்டுச் சிங்கம் என்று அர்த்தம். ஒரே நடிகர். இடுப்பில் சின்னக் கொட்டு, தலையில் சின்னச் சிங்க முகம். கடைசியில் நீள வெள்ளைத் துணிகள் இரண்டைக் காற்றில் அலையலையாக வீசி ஆடுகிறார். கண்ணை எடுக்க முடியவில்லை. 1811இல் எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், மூன்றாம் நாகமுரா உதாயெமோன் என்ற பெரிய நடிகர் முதலில் ஆடினது. அதன் மெட்டு இத்தாலிக்காரர் புச்சினியின் ‘மதாம் பட்டர்ஃபிளை’ இசைநாடகம் வரைக்கும், 1904இல், போயிருக்கிறது.

அந்தச் சிங்கம் யார்? எச்சிகோ என்பது இன்றைய நீகாதா பிரதேசம். அங்கே சுக்கிகாதா என்ற ஊரிலிருந்து ஏழைக் குழந்தைகள் தலையில் சிங்க முகத்தைக் கட்டிக்கொண்டு, தலைகீழாக நின்று, குட்டிக்கரணம் போட்டு, தெருத்தெருவாகக் காசு வாங்கினார்கள். பின்னாடி ஒரு பெரியவர் கொட்டடித்து நடப்பார். நம் ஊர்க் கழைக்கூத்தாடிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் பசியைப் பார்த்த நடிகர் அதைக் கலையாக்கினார். வசதியான வீட்டுக்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள்.

இதில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. கபுகி நடிகர்களே மேல்குலத்தவர்கள் இல்லை. 1603 வாக்கில் கியோட்டோவின் வறண்ட ஆற்றுப் படுகையில் ஒகுனி என்ற பெண் ஆடினதிலிருந்து பிறந்த கலை அது. ‘ஆத்தங்கரைப் பிச்சைக்காரர்கள்’ என்றே நடிகர்களை ஏசினார்கள். ஜப்பானின் தீண்டப்படாத மக்களுக்கு அரசு நியமித்த தலைவர் தன்சாயெமோன் தங்களையும் கட்டுப்படுத்துவதை எதிர்த்தார்கள். 1708இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பிடியிலிருந்து கழன்று கொண்டார்கள். கழன்று மேலே ஏறினார்கள். 1887இல் சக்கரவர்த்தியே உட்கார்ந்து கபுகி பார்த்தார். ஏறினவர்கள் கீழே இருந்தவர்களைக் கூடவே தூக்கவில்லை. அவர்கள் ஆட்டத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒடுக்கப்பட்டவன் இன்னொரு ஒடுக்கப்பட்டவனின் தோளில் கால் வைத்து ஏறுவது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. எங்கள் சேரித் திடலில் குறத்தியைப் பார்த்து நாங்கள் அடித்த விசிலும் அந்தச் சாதிதான்.

எச்சிகோவின் தெருப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? 1933இல் ஜப்பானில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. பிள்ளைகளை வைத்து வித்தை காட்டிக் காசு வாங்குவது ஒழிந்தது. தெருச் சிங்கம் மறைந்தது. அதுவும் நியாயமான தடைதான், பிள்ளைகளின் முதுகெலும்பு முறியாமல் தப்பித்தது. சபாச் சிங்கம் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கபுகி இன்று யுனெஸ்கோ பட்டியலில் உலகப் பாரம்பரியம். ஆனால் ஒரு வித்தியாசம். சுக்கிகாதாவில் இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகளே, பிச்சைக்காக இல்லாமல், தங்கள் ஊர்க் கலையாக அந்தச் சிங்கத்தைக் கற்றுக்கொண்டு ஆடுகிறார்கள். தடைக்குப் பிறகு அந்த ஆட்டம் அந்த ஊரின் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. நம் ஊர்த் தடைக்குப் பிறகு குறவர் கைக்கு என்ன வந்தது?

1871 இன்னொரு கணக்கும் சொல்கிறது. அந்த வருஷம் ஜப்பான் அரசு ‘எத்தா’, ‘ஹினின்’ என்ற இழிபெயர்களைச் சட்டத்திலிருந்து நீக்கியது. பெயர் போனது, ஒதுக்கல் போகவில்லை. 1922இல் அந்த மக்கள் சுய்ஹெய்ஷா என்று சொந்த அமைப்பு கட்டித்தான் போராட வேண்டியிருந்தது. அதே 1871இல்தான் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம். அங்கே சட்டம் பெயரை எடுத்தது, இங்கே சட்டம் முத்திரையைக் குத்தியது. ரெண்டு இடத்திலும் மனசில் இருந்தது மாறவில்லை.

மாறவில்லை என்பதற்கு ஜப்பான் போக வேண்டாம். கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்த நாடாளுமன்றச் சட்டத்தின் பெயரிலேயே 1993 என்ற வருஷம் இருக்கிறது. அதே 1993இல் கடலூர்ப் பக்கம், அன்றைய தென்னாற்காட்டில், முதனை கிராமத்து ராஜாக்கண்ணு என்ற குறவரைத் திருட்டுக் கேஸ் என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நகை எங்கே என்று கேட்டு அடித்தார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி உயர் நீதிமன்றம் வரை வந்து போராடினதை ‘ஜெய் பீம்’ படம் 2021இல் உலகத்துக்குச் சொன்னது. ஆனால் திரையில் அவர் இருளராக வந்தார். குறவர் செத்த கதையிலும் குறவர் பெயர் இல்லை! ஆபாச ஆட்டத்துக்கு அந்தப் பெயர் வேணும், சபா ஐட்டத்துக்கு அந்தப் பெயர் வேணும். தியாகத்துக்கு மட்டும் அது வேண்டாமா? இருளர் மக்களின் துயரம் பொய்யில்லை, அதைச் சொன்னதும் குற்றமில்லை. ஆனாலும் குறவர்கள் கேட்டார்கள்: “எங்க சாவையாவது எங்க பேர்ல எழுதக் கூடாதா?” அந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேர் காது கொடுத்தோம்?

பெயரைக்கூட ஒழுங்காகத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் வேஷம் கட்டுகிறார்கள். சபாக் குறத்தியின் இடுப்புக் கூடை குறவருடையது. கழுத்துப் பாசிமணி நரிக்குறவருடையது. ரெண்டும் வேறு வேறு மக்கள். குறவர் இந்த மண்ணின் பழைய குடி, தமிழ்நாட்டில் பட்டியல் சாதி. நரிக்குறவர் வடக்கிலிருந்து வந்து வாக்ரிபோலி பேசுகிறவர்கள், 2022இல் நிறைவேறின சட்டத்தால்தான் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தவர்கள். அறுபத்து மூவர் திருவிழாவில் மாட வீதி நடைபாதையில் மணி விற்கும் பெண்ணும் கூடை முடையும் பெண்ணும் இவர்களுக்கு ஒரே ஆள். ராகத்தில் ஒரு ஸ்வரம் பிசகினால் முகம் சுளிக்கிறவர்கள், ரெண்டு சமூகத்தைக் குழப்பி ஒரே உடம்பில் மாட்டினால் கைதட்டுகிறார்கள். இதுவா சாஸ்திரம்?

மயிலாப்பூர்க் கோயிலில் சிங்காரவேலர் பக்கத்தில் வள்ளி நிற்கிறாள். அவள் குறமகள். அவளுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள், அவள் கல்யாணத்தைப் பாடுகிறார்கள். சாமிக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர்களை ஊர்க்கோடியில் நிறுத்தியிருக்கிறார்கள். குறத்தியைக் கல்லாக ஏற்பார்கள், பாட்டாக ஏற்பார்கள், ஐட்டமாக ஏற்பார்கள். ரத்தமும் சதையுமாகப் பக்கத்து நாற்காலியில் ஏற்பார்களா? பார்ப்பனியம் எதையும் வெறுமனே ஒதுக்குவதில்லை. ஆளை ஒதுக்கிவிட்டு அவன் சொத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது.

“அப்போ குறவஞ்சியையும் தடை பண்ணணுமா?” என்று கேட்பார்கள். இல்லை. புத்தகத்தை எரிக்கச் சொல்லி எம்.ஏ. தமிழ் படிக்கவில்லை நான். நான் கேட்பது இதைவிடக் கஷ்டமானது.

குறவஞ்சி ஆடும் ஒவ்வொரு மேடையும் குறவர் யார், அவர்களுக்கு இந்த மாகாணம் என்ன செய்தது என்று சபையில் சொல்லட்டும். ராகம் தாளம் சொல்கிற அறிவிப்பாளருக்கு 1911ஐயும் 1947ஐயும் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். குறத்தி ஆட்டத்தால் பெயர் வாங்கின நடனப் பள்ளிகள் குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கட்டும், சம்பளம் வாங்காமல். அந்தப் பிள்ளைகள் குறத்தியாக ஆட வேண்டாம், தலைவியாக ஆடட்டும். தி.நகர்க் கான்வென்ட்டுகளில் மாறுவேடப் போட்டிக்குக் ‘குறவன் வேஷம்’ கட்டுவதை நிறுத்தட்டும். ஒரு சாதி இன்னொரு சாதிப் பிள்ளைக்கு உடுப்பு இல்லை.

அரசாங்கத்துக்கும் ஒன்று. ஆட்டத்தை நிறுத்தினால் மட்டும் கணக்குத் தீராது. தடையால் பிழைப்பு இழந்த கரகாட்டக்காரருக்கு வேறு வழி என்ன? அவரும் நம் ஆள்தான். திருட்டு நடந்தால் முதல் ஜீப் குறவர் குடியிருப்புக்குப் போகிற பழக்கத்துக்கு எப்போது ஆணை போடுவீர்கள்? பட்டியலில் இருந்து ஆட்டத்தின் பெயரை எடுத்தீர்கள். ஸ்டேஷன் மனசில் இருக்கிற பட்டியலை யார் எடுப்பது?

கடைசியாக நமக்கு. சபாவைத் திட்டுவது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். தலித் இலக்கியம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பேசியாச்சு. நம் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். குறவர் எழுதின பக்கம் எத்தனை? நம் மேடைகளில் பறை முழங்குகிறது, முழங்க வேண்டும், அது என் அப்பன் தோலை உரித்த கருவி. அந்த மேடையில் குறவர் பெண் ஒருத்தி மைக் பிடித்துத் தன் கதையைத் தன் வாயால் சொன்னது எத்தனை தடவை? பெரிய எண்ணிக்கை உள்ள சாதிகளின் குரலையே தலித் குரல் என்று நாமும் பழகிவிட்டோம். அவர்களுக்கும் ஊர்க்கோடி, நமக்கும் ஊர்க்கோடி என்றால், நம் கோடிக்கும் அப்பால் அவர்களை நிறுத்தினது யார்?

இந்தக் கட்டுரையையும் ஒரு குறவர் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதுவதும் ஒருவகையில் வேஷம்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அதனால் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த இதழில் எனக்கு இடம் வேண்டாம். அந்தப் பக்கங்களைக் குறவர் ஒருவருக்குக் கொடுங்கள். என்னோடு அஞ்சாவது படித்தவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் முதலில் மன்னிப்புக் கேட்பேன். அப்புறம் அவன் பேசட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். அவனே எழுதுவதானால் இன்னும் நல்லது.